நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்: தானாக நிறுத்தும் வசதி யாருக்கு இலாபம்?

காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தியில் சிவப்பு விளக்கு எரிகின்றது. முன்னால் நிற்கும் சிறிய ஜப்பானியக் காரின் எஞ்சின் ஒரு சிறு குலுக்கத்துடன் ஓய்ந்துவிடுகின்றது. விளக்கு பச்சையானதும் சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுக்க, எஞ்சின் மீண்டும் உயிர்பெறுகின்றது. இக்கார்கள் நமது வீதிகளுக்கு வரத் தொடங்கிய காலத்தில், வாகனம் பழுதாகிவிட்டதோ என்று பலர் அஞ்சியதுண்டு. இன்று அந்த அச்சம் நீங்கிவிட்டது. ஆனால் அதன் இடத்தை வேறொரு பழக்கம் பிடித்துக்கொண்டுள்ளது. காலையில் காரில் ஏறியவுடன், வட்டமான அம்புக்குறிக்குள் ஏ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த பொத்தானை அழுத்தி அந்த வசதியை நிறுத்திவிட்டுப் புறப்படுவோர் பெருகிவிட்டனர். "பற்றரியைத் தின்றுவிடும்", "ஸ்டார்ட்டர் தேய்ந்துவிடும்", "மிச்சம் பிடிப்பதைக் காட்டிலும் செலவே அதிகம்" என்பன அவர்கள் கூறும் காரணங்களாகும்.

இவற்றுள் எது உண்மை, எது வெறும் கராஜ் கதை என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமானது. இது கார் வைத்திருப்போரின் சொந்தப் பிரச்சினை மாத்திரமன்று. எமது நாட்டில் எரியும் பெற்றோலும் டீசலும் வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கப்படுபவை. சப்புகஸ்கந்தையில் சுத்திகரிக்கப்படுவதும் இறக்குமதி செய்த மசகெண்ணெயே. அந்த டொலர் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை 2022ஆம் ஆண்டில் நாம் அனைவரும் நேரிற் கண்டோம். இரவு பகலாக எரிபொருள் நிலையங்களின் முன்னால் நின்றோம். வரிசையில் நின்றபடியே உயிரிழந்தோரும் உளர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவாக உயர்ந்தது. அதனைத் தொடர்ந்து வந்த கியூஆர் அட்டை முறையில் ஆரம்பத்தில் காருக்கு வாரம் 20 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே கிடைத்தன. அந்நாட்களில் சந்தியில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தாத முச்சக்கரவண்டிச் சாரதியைக் காண்பது அரிதாக இருந்தது. எந்தக் கணினியும் அவருக்கு அதனைச் சொல்லித்தரவில்லை.

நிற்கும் வாகனத்தின் எஞ்சினை நிறுத்துவது என்ற எண்ணம் புதியதன்று. 1970களின் நடுப்பகுதியிலேயே டொயோட்டா நிறுவனம் தனது கிரவுண் காரொன்றில் இத்தகைய கருவியைப் பொருத்தி டோக்கியோ நகர நெரிசலில் ஆறு மாதம் ஓடவிட்டுப் பார்த்தது. எரிபொருளில் சுமார் 10 சதவீதம் மிச்சமானதாக அப்போது கூறப்பட்டது. 1980களின் முற்பகுதியில் இத்தாலியின் ஃபியட்டும் ஜேர்மனியின் வோக்ஸ்வாகனும் இம்முயற்சியில் இறங்கின. 1994இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் டீசல் வகையொன்று, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சினை நிறுத்திவிடும் ஏற்பாட்டுடன் விற்பனைக்கு வந்தது. வாங்குவோர்தான் முன்வரவில்லை. எரிபொருள் மலிவாகக் கிடைத்த காலம் அது. பின்னர் 2004இல் சிட்ரோன் சி3, 2007இல் பிஎம்டபிள்யூவின் சிறிய கார்கள், 2009இல் மஸ்டாவின் ஐ-ஸ்டொப் என்று இது பரவத் தொடங்கியது. மஸ்டாவின் ஏற்பாட்டில், ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்திரம் நம்பியிராமல், நின்ற எஞ்சினின் சிலிண்டருக்குள்ளேயே எரிபொருளைப் பீச்சி எரித்து ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்கு அளவான நேரத்தில் எஞ்சினைக் கிளப்பினார்கள். பொறியியலாளர் மெச்சத்தக்க வேலை அது.

நாற்பது ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த இந்த எண்ணம் திடீரென ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இடம்பிடித்தமைக்குச் சூழல் மீதான அக்கறை மாத்திரம் காரணமன்று. ஒரு கார் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற எண் ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓடவிட்டு அளக்கப்படுகின்றது. அந்த ஓட்டத்தில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது முன்னரே விதிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் பழைய பரிசோதனையில் மொத்த நேரத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கார் நின்றுகொண்டிருக்கும். ஜப்பானில் பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த ஜேசி08 பரிசோதனையிலோ இது முப்பது சதவீதத்தை நெருங்கியது. நிற்கும் நேரத்தில் எஞ்சின் ஓயுமானால், அறிவிப்புத் தாளில் அச்சிடப்படும் எண் அழகாக உயரும். கரியமில வாயு அளவு குறையும். அதனைச் சார்ந்த வரியும் குறையும். எனவே, இவ்வசதி முதலில் சேவை செய்தது பரிசோதனைக் கூடத்திற்குத்தான் எனலாம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்ததும் பின்னர் ஜப்பானும் தழுவிக்கொண்டதுமான புதிய பரிசோதனை முறையில், கார் நிற்கும் நேரம் எட்டிலொரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2020இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா யாரிஸ் காரின் சாதாரண பெற்றோல் வகையைப் பார்த்தால், இவ்வசதியே அதில் இல்லை. விலை கூடிய பற்றரி ஒன்றை வைத்துக் கட்டுமளவுக்கு அதில் பயன் இல்லை என்று அந்தப் பெரு நிறுவனம் கணக்கிட்டிருக்க வேண்டும். 2021இல் கணினிச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் தனது பெரிய பிக்கப் வண்டிகள் சிலவற்றிலிருந்து இவ்வசதியை நீக்கியது. அதற்கு ஈடாக வாங்குவோருக்குக் கழித்துக் கொடுத்த தொகை 50 டொலர்.

அதற்காக இது முழு ஏமாற்று என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. 2025 மே மாதத்தில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவர் லீ செல்டின், இவ்வசதியை எல்லோரும் வெறுக்கின்றார்கள் என்றும் இதற்கு வழங்கப்படும் சலுகையை மாற்றப் போவதாகவும் பகிரங்கமாக அறிவித்தார். அங்கு பெற்றோல் மலிவு, வீதிகள் அகலம், பயணங்கள் நீளம். ஐக்கிய அமெரிக்காவின் விசாலமான நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் முடிவு பேலியகொடைக்கும் மருதானைக்கும் பொருந்த வேண்டும் என்ற நியதி இல்லை.

ஆகவே எமது கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வெளியிட்ட அளவீடுகளின்படி, 2 லீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் எஞ்சின் கொண்ட சிறிய கார் ஒன்று நின்ற நிலையில் மணிக்கு ஏறத்தாழ 0.6 லீற்றரை எரிக்கின்றது, 4.6 லீற்றர் எஞ்சின் கொண்ட பெரிய கார் ஒன்றரை லீற்றரை எரிக்கின்றது. இவை வளிச்சீராக்கி முதலிய சுமைகள் இல்லாத நிலையிலான எண்கள். எமது வீதிகளில் ஓடும் 660 சீசீ கார்களுக்கு, ஏசியையும் சேர்த்து, மணிக்கு அரை லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வத்தளையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்கு வந்துபோகும் ஒருவர் போக வரச் சேர்த்து நாளொன்றுக்கு 20 நிமிடம் அசையாமல் நிற்கின்றார் என்றும், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றும் கணக்குக்காகக் கொள்வோம். நாளொன்றுக்கு 50 ரூபா. மாதத்திற்கு 25 நாள் என்றால் 1,250 ரூபா. ஆண்டுக்கு 15,000 ரூபா.

ஆனால் அந்த இருபது நிமிடமும் எஞ்சின் ஓய்ந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நமது நெரிசல் நின்று நின்று ஊரும் நெரிசல். இரண்டடி நகர்ந்து மீண்டும் நிற்கும்போது பல கார்களில் எஞ்சின் நிற்பதில்லை. நண்பகல் வெயிலில் உள்ளே சூடேறினால் கணினி எஞ்சினை மீண்டும் கிளப்பிவிடும். இவ்வாறு பாதி நேரம் கழிந்துவிடும் எனக் கொண்டால், மிஞ்சுவது ஆண்டுக்கு 7,500 ரூபா, அதாவது 25 லீற்றர் பெற்றோல்.

இதே கார் கிளிநொச்சியிலோ பொத்துவிலிலோ இருந்தால் கதை வேறு. அங்கு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் சந்தியில் நிற்பதே அதிகம். புகையிரதக் கடவையில் படலை விழுந்தால் மாத்திரம் சற்று நேரம் நிற்க நேரும். மேற்படி கணக்கின்படி அங்கு ஆண்டுக்கு மிச்சமாவது 750 ரூபா. ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே பொத்தான். பலனோ பத்து மடங்கு வேறுபடுகின்றது. இவ்வசதி பயனுள்ளதா என்று கேட்போருக்குப் பலர் பொத்தாம் பொதுவாக விடையளிப்பதும், ஒருவர் விடையை மற்றவர் மறுப்பதும் இதனாற்றான் போலும்.

இனிச் செலவுப் பக்கத்திற்கு வருவோம். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணத்தான் அதிக பெற்றோல் போகும்" என்று இன்றும் சிலர் கூறுகின்றனர். காபரேட்டர் கொண்ட பழைய கார்களின் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. கணினி அளந்து பீச்சும் இக்கால எஞ்சினுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் அளந்து பார்த்துக் கூறிய முடிவு, சூடான எஞ்சின் பத்து வினாடிகளுக்கு மேல் நின்ற இடத்தில் ஓடுமாயின், அதனை நிறுத்தி மீண்டும் கிளப்புவதைவிட அதிக எரிபொருளை எரிக்கும் என்பதாகும்.

எஞ்சின் தேய்மானம் பற்றிய அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட இயலாது. எஞ்சினின் முதன்மைத் தண்டு ஓடும்போது எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கின்றது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. எஞ்சின் நிற்கும்போது அப்படலம் விலகித் தண்டு பேரிங்கின் மேல் அமர்கின்றது. மீண்டும் கிளம்பும் முதற் கணத்தில் உராய்வு ஏற்படுகின்றது. சாதாரணக் கார் ஒன்று தன் வாழ்நாளில் ஐம்பதினாயிரம் தடவை வரை கிளப்பப்படும் என்றும், இவ்வசதியுள்ள கார் ஐந்து இலட்சம் தடவை வரை கிளப்பப்படலாம் என்றும் பேரிங் தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். அதற்காகவே விசேட மேற்பூச்சுக் கொண்ட பேரிங்குகளை அவர்கள் தயாரித்தனர். ஸ்டார்ட்டர் மோட்டாரும் பன்மடங்கு தடவை உழைக்கக்கூடியதாக வடிவமைக்கப்பட்டது. ஆகவே தொழிற்சாலையிலிருந்தே இவ்வசதியுடன் வந்த கார் அந்த உழைப்பைத் தாங்கும். ஆனால், உரிய தரத்திலான எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல் ஓடுவோருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மெல்லிய எண்ணெய்க்கென வடிவமைத்த எஞ்சினுக்கு, "இந்த நாட்டு வெக்கைக்கு இதுதான் சரி" என்று தடித்த எண்ணெயை ஊற்றிவிடும் வழக்கம் எமது கராஜ்களில் உண்டு. கிளம்பும் கணத்தில் எண்ணெய் போய்ச் சேரத் தாமதிப்பதற்கு அது ஒரு வழியாகின்றது.

உண்மையில் பணம் கரையும் இடம் பற்றரிதான். சாதாரணக் காரில் பற்றரி காலையில் ஒரு தடவை பெரும் மின்னோட்டத்தை வழங்கிவிட்டு ஓய்ந்திருக்கும். மற்றைய சுமையை எஞ்சினுடன் இணைந்த மின்பிறப்பாக்கி பார்த்துக்கொள்ளும். தானாக நின்று கிளம்பும் காரில் அப்படியன்று. எஞ்சின் நிற்கும் ஒவ்வொரு தடவையும் விளக்கு, விசிறி, வானொலி யாவும் பற்றரியை உறிஞ்சுகின்றன. உடனே மீண்டும் கிளப்ப வேண்டிய பாரமும் அதன் மேலேயே விழுகின்றது. நாள் முழுவதும் அரைகுறையாக நிரம்பியும் குறைந்தும் கிடக்கும் சாதாரண ஈய அமிலப் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும். இதனாலேயே இக்கார்களுக்கென மேம்படுத்திய தகடுகள் கொண்ட பற்றரிகளும், கண்ணாடி நார்ப் பாய்க்குள் அமிலம் தங்கும் வகையிலான பற்றரிகளும் தயாரிக்கப்படுகின்றன. அவற்றின் விலை கூடுதல். போதாதற்கு வெப்பம் ஈய அமிலப் பற்றரிக்குப் பகை. ஜப்பானின் குளிரில் ஐந்தாண்டு உழைக்கும் பற்றரி, கொழும்பு, மட்டக்களப்பு வெயிலில் அத்தனை காலம் உழைக்கும் என எதிர்பார்க்க முடியாது.

எமது நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கு வந்த இத்தகைய சிறிய கார்களிற் பெரும்பாலானவை ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்றே தயாரிக்கப்பட்டவை. கையேடு ஜப்பானிய மொழியில். திரையில் தோன்றும் அறிவித்தலும் ஜப்பானிய மொழியில். சிலவற்றில் கார் பேசுவதும் ஜப்பானிய மொழியில். வாங்கியவருக்கு அது என்ன சொல்கின்றது என்பதே தெரியாது. பற்றரி பழுதானதும் பக்கத்துக் கடைக்குப் போகின்றார். அங்கே அதே பருமனில் சாதாரணப் பற்றரி ஒன்று விலை குறைவாகக் கிடைக்கின்றது. பொருந்துகின்றது, கார் கிளம்புகின்றது, சந்தோஷத்துடன் வீடு திரும்புகின்றார். ஓராண்டு கழிந்ததும் அதுவும் செயலிழக்கும்போது, பழி எஞ்சினை நிறுத்தும் வசதியின் மேல் விழுகின்றது.

இந்த இடத்தில் வாசகர்கள் குறித்துக்கொள்ளத்தக்க விபரம் ஒன்றுள்ளது. இவ்வசதியுள்ள கார்களுக்கான ஜப்பானியத் தரப் பற்றரிகளின் மேற்புறத்தில் கே-42, எம்-42, என்-55, கியூ-85 என்றவாறு ஓரெழுத்தும் இரண்டு இலக்கங்களும் கொண்ட குறியீடு இருக்கும். இறுதியில் ஆர் என்ற எழுத்துச் சேர்ந்திருந்தால் முனைகள் மறுபக்கமாக அமைந்தவை என்று பொருள். சாதாரணப் பற்றரியிலோ 38பி19, 40பி19 என்றவாறு இலக்கத்தில் தொடங்கும் குறியீடு காணப்படும். பழைய பற்றரியைக் கழற்றுவதற்கு முன்னர் அதன் மேலுள்ள குறியீட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நன்று. அன்றியும், சில மாதிரிகளில் புதிய பற்றரி பொருத்தப்பட்டமையைக் காரின் கணினிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடின் கணினி பழைய பற்றரியே இருப்பதாக எண்ணிக்கொண்டு எஞ்சினை நிறுத்த மறுக்கும். "புதுப் பற்றரி போட்டும் வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாட்டிற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி அந்த 7,500 ரூபாவை எடுத்துப் பார்ப்போம். உரிய பற்றரிக்கும் சாதாரணப் பற்றரிக்கும் இடையிலான விலை வித்தியாசம் 15,000 ரூபா என்றும், பற்றரி மூன்றாண்டு உழைக்கும் என்றும் வைத்தால், ஆண்டுக்கு 5,000 ரூபா அதற்கே போய்விடுகின்றது. வத்தளைக்காரருக்கு எஞ்சுவது 2,500 ரூபா. கிளிநொச்சிக்காரருக்கு 4,250 ரூபா நட்டம். வாசகர்கள் தத்தமது கடைவிலையையும் தாம் வீதியில் நிற்கும் நேரத்தையும் இட்டு இதனைத் திருத்திக்கொள்ளலாம். பெற்றோல் மீண்டும் 470 ரூபாவுக்குப் போகுமாயின் கணக்கு வத்தளைக்காரர் பக்கம் நன்றாகவே சாயும். விலை இறங்கினால் அவருக்கும் கைக்கும் வாய்க்கும் சரி.

அப்படியானால் கிளிநொச்சிக்காரர் பொத்தானை அழுத்தி வசதியை நிறுத்திவிட்டுச் சாதாரணப் பற்றரி போடலாமா? போடுவோர் பலர் உளர். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவை காரைக் கிளப்பும்போதும் அந்த வசதி தானாகவே மீண்டும் விழித்துக்கொள்ளும் வகையில்தான் பெரும்பாலான கார்கள் அமைக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பற்றரியைப் போட்டுவிட்டுப் பொத்தானை மறந்தால் நட்டம் இரட்டிப்பாகும். அது மாத்திரமன்றி, சில மாதிரிகளில் மின்னேற்றும் முறையே விசேட பற்றரியை எதிர்பார்த்து அமைந்தது. 2012இல் வெளிவந்த சுசுகி வெகன் ஆர் காரில், வேகம் தணியும்போது கிடைக்கும் சக்தியைச் சேமிக்கச் சிறியதொரு லித்தியம் அயன் பற்றரியும் வைக்கப்பட்டது. அந்தக் காரில் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழ் வேகம் குறைந்தாலே எஞ்சின் ஓய்ந்துவிடும். ஏசியின் உள்ளே குளிரை உறைநிலையில் சேமித்துவைத்து, எஞ்சின் நின்ற பின்னரும் சிறிது நேரம் குளிர்காற்றை வழங்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இத்தகைய காரில் விபரமறியாமல் கைவைப்பது நல்லதல்ல.

ஹைபிரிட் கார்களை இதனுடன் போட்டுக் குழப்பிக்கொள்வோரும் உளர். அக்குவா, பிரியஸ், வெசல் போன்றவற்றில் எஞ்சின் நிற்பதும் கிளம்புவதும் பெரிய மின்மோட்டாரையும் பெரிய பற்றரியையும் கொண்டு நடைபெறுவது. எஞ்சின் ஓய்ந்தாலும் ஏசி தொடர்ந்து ஓடும், காரும் நகரும். அதனை நிறுத்திவைக்க வேண்டிய தேவை இல்லை. நெரிசலில் ஊர்ந்து செல்லும் நகரவாசிக்கு உண்மையான மிச்சம் அங்கேதான் கிடைக்கின்றது. 2014 முதல் வெகன் ஆர் காரில் வந்த, பட்டியால் எஞ்சினுடன் இணைந்து சத்தமின்றிக் கிளப்பும் சிறு மோட்டார் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதான வீதிக்குள் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது, இரு பஸ்களுக்கிடையே கிடைக்கும் சிறு இடைவெளிக்குள் நுழைய முற்படும் கணத்தில், எஞ்சின் கிளம்ப எடுக்கும் அரை வினாடி மனதைப் பதறச் செய்யும். பதறும் சாரதி அக்சிலரேட்டரை வேகமாக மிதிப்பார். புதிதாகக் கார் ஓட்டப் பழகுவோர் அவ்வாறான இடங்களில் வசதியை நிறுத்திவைப்பதே மேல். வெள்ளத்திலும் அவ்வாறே. மாரியில் பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் நீர் புகும்போதோ, யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த வீதிகளில் முழங்காலளவு நீர் நிற்கும்போதோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புகைபோக்கி நீருக்குள் அமிழ்ந்திருக்கும் நேரத்தில் கணினி எஞ்சினை நிறுத்த இடமளிக்கக் கூடாது. எஞ்சின் ஓய்ந்திருப்பதை மறந்து, கார் நிறுத்தப்பட்டுவிட்டது என்றெண்ணிக் கதவைத் திறந்து இறங்கிவிடுவதும் ஆபத்தானது.

இவ்வளவும் கூறிய பின்னர், இக்கணக்கில் இதுவரை வராத ஒன்றை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். எமது நாட்டில் நின்ற இடத்தில் எரியும் எரிபொருளில் பெரும் பங்கு சிவப்பு விளக்கின் முன்னால் எரிவதன்று. பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் வான்களிலும், வைத்தியசாலை முன்றலிலும் திருமண மண்டப வாசலிலும் சாரதி உறங்கிக்கொண்டிருக்கும் கார்களிலும், பஸ் நிலையத்தில் புறப்படும் நேரத்திற்கு அரை மணி முன்பிருந்தே உறுமிக்கொண்டிருக்கும் பஸ்களிலும் அது எரிகின்றது. ஏசியுடன் நிற்கும் டீசல் வான் ஒன்று மணிக்கு ஒரு லீற்றர் எரிப்பதாகக் கொண்டால், நாளுக்கு ஒரு மணிநேரம் பாடசாலை வாசலில் நிற்கும் வான் 200 பாடசாலை நாட்களில் 200 லீற்றரைக் கரைக்கின்றது. நாம் மேலே இத்தனை பாடுபட்டுக் கணக்கிட்ட கார் ஆண்டு முழுவதும் மிச்சம் பிடிப்பது 25 லீற்றர். வானிலிருந்து வெளியேறும் டீசல் புகையைச் சுவாசிப்பது யார் என்பதைப் பாடசாலை வாசலில் நிற்போர் அறிவர். இதற்குப் பற்றரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். சாவியைத் திருப்பினாற் போதும்.

சிங்கப்பூரிலும் ஜேர்மனியிலும் தேவையின்றி நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது தண்டத்திற்குரிய குற்றம். டெல்லியில் 2020 ஒக்டோபரில், சிவப்பு விளக்கு எரியும்போது வாகனத்தை நிறுத்துங்கள் என்று மாநில அரசு இயக்கமொன்றை ஆரம்பித்துத் தொண்டர்களைச் சந்திகளில் நிறுத்தியது. மோட்டார் சைக்கிள்களிலும் இந்தியாவின் ஹீரோ நிறுவனம் 2014இலேயே தானாக நிறுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. கொழும்பில் சில சந்திகளில் எத்தனை வினாடி எஞ்சியுள்ளது என்று எண்ணிக் காட்டும் விளக்குகள் உள்ளன. அவற்றைப் பார்த்து முச்சக்கரவண்டிச் சாரதி எஞ்சினை நிறுத்துகின்றார். பத்து வினாடி இருக்கும்போது கிளப்புகின்றார். ஆர்கோன் ஆய்வுகூடம் கண்ட எல்லைக்கு மிக அண்மையில், அனுபவத்தாலேயே அவர் வந்து சேர்ந்துள்ளார். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், நோன்பு துறக்கும் வேளையை நெருங்கும் மாலை நெரிசலிலும் இத்தகைய எண்ணும் விளக்குகள் கூடுதலான சந்திகளில் இருக்குமாயின், இவ்வசதி இல்லாத பழைய வாகனங்களும் எரிபொருளை மிச்சம் பிடிக்க இயலும். உள்ளூராட்சி மன்றங்களும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் இதனைக் கவனத்திற் கொள்ளலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலிருந்து மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் வந்திறங்கி இன்று பத்தாண்டைக் கடந்துவிட்ட சிறிய கார்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவ்வாறான பழைய கார் ஒன்றை வாங்கச் செல்பவர், எஞ்சின் நன்கு சூடேறும் வரை, கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்த்து, சமதரையில் நிறுத்தி, ஏசியை நிறுத்தி, ஆசனப் பட்டியை மாட்டியபடி பிரேக்கை நன்கு மிதித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓயாவிட்டால் பற்றரி தளர்ந்திருக்கலாம். அல்லது தவறான பற்றரி பொருத்தப்பட்டிருக்கலாம். அல்லது விற்பவர் அந்தக் குறையை மறைப்பதற்காக வசதியையே துண்டித்திருக்கலாம். "அது தேவையில்லை என்று நாங்கள் நிறுத்திவைத்திருக்கிறோம்" என்று விற்பவர் கூறினால், பொத்தானை மீண்டும் அழுத்திக் காட்டும்படி கேட்டு, பொனட்டைத் திறந்து பற்றரியின் மேலுள்ள முதல் எழுத்து என்னவென்று பார்த்த பின்னர் விலையைப் பேசலாம்.